வெளிச்சத்தைக் குறைத்தால் கரண்ட் மிச்சமாகிறதா?

கேள்வி: ஹாலில் ஃபால்ஸ் சீலிங் ஓரமாக 10 மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் போட்டிருக்கிறோம். 12 வோல்ட், மீட்டருக்கு 14.4 வாட். 200 வாட் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி), ரிமோட் டிம்மர். ராத்திரியில் 10 சதவீதத்தில்தான் எரியும். அப்போதும் எஸ்எம்பிஎஸ் பெட்டி வெதுவெதுப்பாகவே இருக்கிறது. லோடு குறைந்தால் அதன் செயல்திறன் விழுந்துவிடும் என்கிறார்கள். எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்து, 0.2 ஆம்பியர், அதனால் 46 வாட் போகிறது என்றார். அப்படியென்றால் டிம் செய்து என்ன பயன்?

பதில்: நல்ல பயன் இருக்கிறது. செயல்திறன் விழுவது உண்மைதான். ஆனால் பில்லில் ஏறுவது சதவீதம் இல்லை, வாட்.

உங்கள் ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் 144 வாட் எடுக்கும். அந்த லோடில் எஸ்எம்பிஎஸ் 88 சதவீதம் செயல்திறன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 164 வாட் இழுக்கும்; 20 வாட் சூடாகப் போகும். 10 சதவீதத்துக்கு இறக்கினால் ஸ்ட்ரிப்புக்குத் தேவை 14.4 வாட். செயல்திறன் 65 சதவீதமாக விழுந்தாலும் இழுப்பது 22 வாட்தான், வீணாவது 8 வாட்டுக்கும் குறைவு. தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 20 யூனிட் ஆகியிருக்க வேண்டியது 3 யூனிட்டுக்குள் முடிகிறது. இத்தனைக்கும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தெரியாது, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகத் தெரியும்.

சதவீதம் ஏன் விழுகிறது? நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் டவுன் பஸ்ஸும் டீசல் குடிக்கத்தானே செய்யும்? எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் கன்ட்ரோல் ஐசி, டிரான்ஸ்ஃபார்மர் கோர், அவுட்புட்டில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர் எல்லாம் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும். பெட்டியின் வெதுவெதுப்பு அதனால்தான்.

சரி, அந்த 46 வாட் கணக்கு? தப்பு எலக்ட்ரீஷியன் மேல் இல்லை, கிளாம்ப் மீட்டர் காட்டுவது ஆம்பியரை மட்டும்தான். சாதாரண எஸ்எம்பிஎஸ், மின்னழுத்தம் உச்சிக்கு வரும் நொடித்துளிகளில் மட்டும், நொடிக்கு 100 தடவை, வெடுக் வெடுக்கென்று கரண்டை உறிஞ்சும். அதனால் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு, குறையும், லோடு குறைவாக இருக்கும்போது இன்னும் குறையும். பவர் ஃபேக்டர் 0.5 என்றால் 230 வோல்ட்டையும் 0.2 ஆம்பியரையும் பெருக்கி வரும் 46, உண்மையில் 23 வாட்தான். வீட்டு மீட்டர் யூனிட்டாக எண்ணுவது இந்த உண்மையான வாட்டைத்தான். சந்தேகம் இருந்தால் பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ரிமோட்டில் அணைத்துவிட்டு சுவர் ஸ்விட்சை அப்படியே விடுகிறீர்களா? எஸ்எம்பிஎஸ்ஸும் டிம்மரும் சேர்ந்து சும்மா 2 வாட் தின்றால், மீதி 20 மணி நேரத்துக்கு மாதம் 1.2 யூனிட். டிம் செய்யும்போது வீணாவது 1 யூனிட்டுக்கும் குறைவுதான். சுவர் ஸ்விட்சை அணைப்பது அதைவிட லாபம்.

எப்போதுமே 10 சதவீதம் போதும் என்றால் அடுத்த முறை மீட்டருக்கு 4.8 வாட் ஸ்ட்ரிப்பே வாங்குங்கள். 48 வாட்டுக்கு 60 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். ரிமோட் பிடிக்காமல் சுவரில் திருகும் டிம்மர் மாட்ட நினைத்தால் மட்டும் கவனம்: ஃபேன் ரெகுலேட்டர் வகை டிம்மரை இந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முன்னால் 230 வோல்ட் பக்கம் போடவே கூடாது. விளக்கு துடிக்கும், எஸ்எம்பிஎஸ் எரிந்தும் போகலாம். டிம்மர் எதுவானாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில், 12 வோல்ட் பக்கம்தான் வர வேண்டும். 144 வாட்டுக்கு 12 ஆம்பியர் ஓடும், அதனால் 15 ஆம்பியர் தாங்கும் டிம்மராகக் கேட்டு வாங்குங்கள்.