விரலில் வழிந்த முகம்

கேள்வி: 1958-ல் வந்த பிரிட்டிஷ் ‘டிராகுலா’வை நான் எப்போதோ பார்த்துவிட்டேன். புளூ-ரேயில் புதிதாக என்ன இருக்கப்போகிறது?

பதில்: நீங்கள் பார்த்தது தணிக்கை வெட்டியதாக இருக்கும். நானும் அதைத்தான் பார்த்தேன், கோடு கோடாக ஓடிய ஒரு வாடகை கேசட்டில். கடைசியில், டிராகுலாவை வேட்டையாட வரும் பீட்டர் குஷிங் திரைச்சீலையைக் கிழித்து இறக்குவார். இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்குவார். வெயில் பட்டதும் டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ சாம்பலாகிவிடுவார். அவ்வளவுதான்!

ஆனால் நடுவில் ஒன்று இருந்திருக்கிறது. லீ தன் முகத்தில் கை வைத்து இழுக்க, தோல் விரலோடு வழிந்து வருகிறது. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் அதற்கு ஒப்பவில்லை. ஜப்பானுக்குப் போன பிரதியில் மட்டும் அது தப்பித்தது. அதற்கும் சோதனை வந்தது: டோக்கியோ திரைப்படக் காப்பகத்தில் 1984-ல் தீ. முன்பாதிச் சுருள்கள் பாழாகி, 6 முதல் 9 வரை மிஞ்சின. நல்லவேளை, நமக்கு வேண்டியது கடைசிச் சுருளில்!

அந்தத் துண்டுகளைச் சேர்த்துச் சீரமைத்த பதிப்பு 2013-ல் பிரிட்டனில் புளூ-ரேயாக வந்தது. நிறம் நீலம் பாய்ந்துவிட்டது என்று சில ரசிகர்களுக்குக் குறை. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். அதற்காக விட்டுவிடாதீர்கள். முகம் வழியும் இடத்தில் நான் ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், காபி ஆறிப்போனது. சீரமைக்காத ஜப்பானியச் சுருள்களும் அதே வட்டில் உண்டு, அழுக்கும் கீறலுமாக. முதலில் அதைப் போடுங்கள்.