இடுப்பு மாத்தின காலு மறுபடி உடைஞ்சா: இந்த தடவை வந்த கேள்விகள்

கே: அம்மாவுக்கு 78 வயசு, இடுப்பு மாத்தி 9 வருஷம். விழுந்து தொடை எலும்பு உடைஞ்சிருச்சு. பிளேட் பத்தாது, ஸ்டெம்மையே, அதாவது தொடை எலும்புக்குள்ள இறக்கின உலோகத் தண்டையே, மாத்தணும்ங்கறாங்க. தேவையா?

ப: ஸ்டெம் ஆடுதுன்னா தேவைதான். இந்த மாதிரி முறிவை வான்கூவர்ங்கற முறைல வகை பிரிப்போம். பி1னா ஸ்டெம் கெட்டியா இருக்கு, பிளேட்டும் சுத்திக் கட்டற உலோகக் கேபிளும் போதும். பி2னா ஆடிருச்சு, உடைஞ்ச இடத்தைத் தாண்டி கீழ நல்ல எலும்பைப் புடிக்கற நீளமான ஸ்டெம் பெரும்பாலும் வேணும். பி3ல எலும்பும் மோசம், ஆபரேஷன் இன்னும் பெருசு. ஆடற ஸ்டெம்முக்கு மேல பிளேட்டை மட்டும் போட்டா கடைசில பிளேட்டே உடைஞ்சு வந்து நிக்கும்.

கே: எக்ஸ்ரே போட்டோ அனுப்பிருக்கேன், எந்த டைப்னு சொல்லுங்க.

ப: பாதி வெட்டின ஒத்த போட்டோ, அதுலயும் ஸ்டெம் நுனி தெரியல! இதை வச்சு என்னத்த சொல்றது? பழைய எக்ஸ்ரே எங்க? "தொலைஞ்சு போச்சு"ம்பீங்க, எல்லாரும் அதான் சொல்றாங்க. ஸ்டெம் கீழ இறங்கியிருக்கா, சுத்தி கருப்புக்கோடு புதுசா வந்திருக்கான்னு பழைய படத்தோட ஒப்பிட்டாத்தான் தெரியும், அப்பவும் சில பேருக்கு ஆபரேஷன் டேபிள்ல திறந்து ஆட்டிப் பார்த்துதான் முடிவு பண்ணுவோம். மாத்தணும்னா எந்த கம்பெனி, என்ன சைஸ், எலும்புல ஸ்டெம் பிடிக்க சிமென்ட் போட்டதா போடாததான்னு தெரியணும், அது பழைய ஆபரேஷன் நோட்ஸ்ல இருக்கும், அந்த பேப்பரைத்தான் முதல்ல தூக்கிப் போடுறீங்க. அப்புறம் முக்கியமானதை எழுதவே இல்ல: விழறதுக்கு முன்னாடியே தொடை வலி இருந்துச்சா? உக்காந்து எந்திரிச்சு முதல் நாலு அடி வச்சா வலிக்கும், நடக்க நடக்க கொறையும்னா ஸ்டெம் முன்னாடியே லூசாயிருக்கலாம். "வயசாச்சுல்ல, வலிக்கத்தான் செய்யும்"னு விட்டுட்டு உடைஞ்சப்புறம் போட்டோ அனுப்பறீங்க. பழைய படம், நோட்ஸ், சாப்பிடற மாத்திரை லிஸ்ட், குறிப்பா ரத்தம் உறையாம இருக்க சாப்பிடறது, மூணையும் எடுத்துட்டு நேர்ல போங்க.

கே: ஆபரேஷன் இல்லாம சேருமா?

ப: மேல்பக்கம் சின்ன துண்டு, ஏ வகை, பெருசா விலகலைன்னா சேரும். மத்ததுல ரொம்ப கஷ்டம்.

கே: வயசானவங்களுக்கு சிமென்ட் போட்டதா, போடாததா?

ப: எலும்பு மெலிஞ்சிருந்தா சிமென்ட். போடாததுல உடையற ரிஸ்க் ஜாஸ்தி, வயசான பொம்பளைங்களுக்கு இன்னும்.

கே: பிளேட் போட்டாச்சு, 6 வாரம் காலை ஊனக்கூடாதாம். அப்பாவுக்கு 80 வயசு, கேக்கவே மாட்டேங்கறார்.

ப: 80 வயசுக்காரர் ஒத்தக்கால்ல எப்படிங்க வாக்கர் புடிச்சு நடப்பார்? எவ்வளவு ஊனலாம்னு ஆபரேஷன் பண்ணவர்ட்டயே கேளுங்க, ஒவ்வொரு முறிவுக்கும் மாறும். ஆனா படுக்கையிலயே போடாதீங்க, படுக்கைப்புண், நிமோனியா, கால்ல ரத்தக்கட்டு எல்லாம் வரிசையா வரும். நாற்காலில உக்கார வைக்கவாவது செய்யலாம்ல.

கே: கால்சியம் மாத்திரை போதுமா?

ப: போதாது. நின்ன இடத்துல விழுந்து உடைஞ்சிருக்குன்னா அது எலும்பு மெலிவு, அதுக்குன்னு தனி மருந்து இருக்கு. எலும்பு அடர்த்தி பார்க்கற டெக்ஸா ஸ்கேன் எடுக்கறப்ப மாத்தின இடுப்பை விட்டுட்டு அடுத்த இடுப்பும் முதுகும் பார்க்கச் சொல்லுங்க, உலோகம் இருக்க இடத்துல கணக்கு தப்பா வரும். தூக்க மாத்திரை சாப்பிடறாங்களான்னும் பாருங்க, ராத்திரி தடுமாறி விழறதுக்கு அதுவும் ஒரு காரணம். பழைய எக்ஸ்ரேயை... சரி, சொல்லிட்டேன்.