நகையை அடகு வைத்து கோர்ஸில் சேர்க்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் டிபன் கடை வைத்திருக்கிறேன். மகள் பி.காம் இரண்டாம் ஆண்டு. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் பணம் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை. இப்போது புள்ளியியல் தாளில் அரியர். ஒரு தனியார் நிறுவனத்தில் ‘ஃபைனான்ஸ் அனலிட்டிக்ஸ்’ கோர்ஸ் 85,000 ரூபாய். அங்கே படித்தவர்களுக்குச் சராசரி சம்பளம் 24,000 என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். நகையை வைத்துச் சேர்த்துவிடலாமா? கடைக்கு வாங்கிய தண்டல் 20,000 வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: வேண்டாம்மா. முன்பணமும் கட்ட வேண்டாம். அடகுக் கடையில் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால் 85,000 ரூபாய்க்கு மாதம் 1,275. மீட்க இரண்டு வருடம் ஆனால் வட்டி மட்டும் 30,600. இவ்வளவும் கொடுத்து அந்த கோர்ஸில் அவள் முதலில் படிக்கப்போவது, கல்லூரியில் அரியர் வைத்திருக்கும் அதே பாடத்தைத்தான்.

அந்த 24,000 கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் படித்தார்கள். ஒன்பது பேருக்குச் சம்பளம் 15,000, ஒருவருக்கு மட்டும் 1,05,000 என்று வையுங்கள். கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி சரியாக 24,000 வரும். யாரும் பொய் சொல்லவில்லை; ஆனால் 24,000 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. சம்பளங்களை வரிசையாக எழுதி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 15,000. இதற்கு இடைநிலை என்று பெயர். வேலை கிடைக்காதவர்களை அந்தப் பட்டியலில் சேர்த்தார்களா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

பிளஸ் டூவில் கணக்கு இல்லை என்று அவள் பயப்பட வேண்டியதில்லை. பி.காம் புள்ளியியலில் பெரும்பகுதி கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம்தான். ஃபார்முலாவை மனப்பாடம் செய்துவிட்டு, அது எதற்கு என்று தெரியாமல் தேர்வு எழுதுவதால்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். திட்டவிலக்கத்தைப் பாருங்கள். இரண்டு கடைக்கும் ஒரு நாள் சராசரி விற்பனை 2,000 ரூபாய். ஒன்றில் அது 1,900-க்கும் 2,100-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இன்னொன்றில் ஒரு நாள் 800, ஒரு நாள் 3,200. சராசரி ஒன்றுதான், ஆனால் தினமும் 200 ரூபாய் தண்டல் கட்ட வேண்டி வந்தால் இரண்டாவது கடைதான் திணறும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணில் சொல்வது திட்டவிலக்கம். பங்குச் சந்தையில் ‘ரிஸ்க்’ என்று பேசும்போது பெரும்பாலும் இதைத்தான் அளக்கிறார்கள். உங்கள் கடை எந்த ரகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் துறைமுகப் பக்கம் ஆள் நடமாட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடை நோட்டை எடுத்து, ஒரு வருட விற்பனையை மாதவாரியாக மகளை எழுதச் சொல்லுங்கள். அரியர் தாளுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இனி தண்டல். நீங்கள் கோர்ஸைப் பற்றித்தான் கேட்டீர்கள். எனக்கு அதைவிட இதுதான் உறுத்துகிறது. வழக்கமான கணக்குப்படி 20,000 என்று எழுதி, 2,000 பிடித்துக்கொண்டு 18,000 கையில் கொடுத்திருப்பார்கள். தினம் 200 வீதம் 100 நாள். ‘பத்து பர்சென்ட்தானே’ என்று தோன்றும். ஆனால் அந்த 18,000 உங்களிடம் 100 நாளும் இருப்பதில்லை. மறுநாளே 200 திரும்பிப் போகிறது, ஐம்பதாவது நாளில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். மகளிடம் சொல்லி எக்செல்லில் ‘ரேட்’ ஃபார்முலாவில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: தவணை 100, தொகை -200 (கையை விட்டுப் போவதால் கழித்தல் குறி), கையில் வந்தது 18,000. நாளுக்கு 0.21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். 365-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. நிதி மேலாண்மைத் தாளில் ‘பணத்தின் காலமதிப்பு’ என்று ஒரு பாடம் வரும். அது இதுதான்.

இப்போது ஓடுவதை ஓடவிடுங்கள். வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால் சீக்கிரம் அடைத்தாலும் அந்த 2,000 பெரும்பாலும் திரும்பாது. அடுத்த சுற்று மட்டும் எடுக்காதீர்கள். கடைக்குப் பணம் தேவைப்பட்டால் நகையில் கொஞ்சத்தை வைத்து 18,000 வாங்குங்கள். அதே ஒன்றரை வட்டியில் மூன்று மாதத்துக்கு 810 ரூபாய். வங்கியில் வைத்தால் பெரும்பாலும் இன்னும் குறையும். தண்டல்காரருக்குக் கொடுத்த 200-ஐ தினமும் தனியாகப் போட்டுவந்தால் 90 நாளில் 18,000 சேர்ந்துவிடும். வட்டிக்கு இன்னும் நாலைந்து நாள். நகை வீட்டுக்கு வந்துவிடும்.

படிப்புக்கு எதில் செலவு செய்வது? இப்போதைக்கு ஒரு நல்ல கால்குலேட்டர் போதும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ பாடநூல் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விட்டுப்போன அடிப்படையை அதிலிருந்து பிடிக்கட்டும். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் வகுப்புகளைப் பார்க்கக் காசில்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். கல்லூரியில் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் வங்கி, நிதி சார்ந்த வகுப்பு இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அரியரை முடித்து, மூன்றாம் ஆண்டு வந்த பிறகும் இந்தத் துறையில் ஆர்வம் இருந்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு தொடங்கிய என்ஐஎஸ்எம் நிறுவனத்தின் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர் தேர்வை எழுதட்டும். 100 மதிப்பெண்ணுக்கு 50 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 1,500 ரூபாய் அளவில்தான். புதுமைப்பெண் பணத்தில் இரண்டு மாதத்தை ஒதுக்கினால் தீர்ந்தது.