நம்பி ஓட்டக்கூடிய எக்சாடிக் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று உண்டா?

ஃபெராரி, லம்போர்கினி மாதிரி வண்டியெல்லாம் ஓடுவதைவிடப் பட்டறையில் நிற்பதுதான் அதிகம் என்கிறார்களே, வேகமும் நம்பகமும் ஒரே வண்டியில் சேர்ந்து வரவே வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். 1990-லேயே வந்துவிட்டது. ஹோண்டா என்எஸ்எக்ஸ் என்ற ஒரு வண்டியைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும், அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

நான் மதுரை புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் என்ஜின் வேலை பார்க்கிறவன். ரீபோர், ஹோனிங், ஹெட் ஃபேசிங், அப்புறம் அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங். எங்களிடம் வருவது மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் லாரி, உசிலம்பட்டி டிராக்டர், ஷேர் ஆட்டோ, பைக் இவைதான். என்எஸ்எக்ஸ் எங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. ஆனால் உலோகம் ஏன் உடைகிறது, பேரிங் ஏன் தேய்கிறது என்பதெல்லாம் லாரிக்கும் ரேஸ் காருக்கும் ஒரே கணக்குதான். அந்தக் கணக்கை வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த ஜப்பான்காரர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது புரிகிறது.

எண்பதுகளில் ஹோண்டா இந்த வண்டியைத் தொடங்கியபோது எதிரே வைத்துக்கொண்டது ஃபெராரி 328-ஐ, பிறகு 348-ஐ. அந்த வேகம் வேண்டும், ஆனால் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகிற கார் மாதிரி தொந்தரவில்லாமல் இருக்க வேண்டும் என்பது இலக்கு. ஷிகெரு உயேஹரா தலைமைப் பொறியாளர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள், 1990-ல் விற்பனை. 3 லிட்டர் வி6 என்ஜின், டர்போ கிடையாது, அமெரிக்க மாடலில் 270 குதிரைத்திறன். சீட்டுக்குப் பின்னால், நடுவில் குறுக்கே உட்கார்ந்திருக்கும். வண்டி எடை 1,400 கிலோவுக்கும் கொஞ்சம் கீழே.

எடை எப்படிக் குறைந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எனக்கு அதில்தான் ஆச்சரியம் அதிகம். தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்த கார்களில் முழு மோனோகாக் பாடியையும், அதாவது தனிச் சேஸிஸ் இல்லாமல் தானே சுமை தாங்குகிற கூட்டை, அலுமினியத்தில் செய்த முதல் வண்டி இதுதான். கேட்க எளிதாக இருக்கும். அலுமினியத்தை வெல்டிங் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். இரும்பு சூடானால் சிவக்கும், கை நிறுத்தச் சொல்லி நமக்கே காட்டிக்கொடுக்கும். அலுமினியம் நிறமே மாறாது. 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உடைந்த பைக் கிராங்க்கேஸை ஒட்டும்போது டார்ச்சை ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தால் போதும், அந்தத் தோலுக்கு அடியில் உலோகம் தண்ணீராகி லேசாகத் தளும்புவது கண்ணாடிக்குள் தெரியும், அடுத்த நொடி பொத்தென்று ஓட்டை. ஓரத்தில் கொஞ்சம் ஆயில் கறை மிச்சம் இருந்தாலும் ஒட்டின இடமெல்லாம் பொடிப்பொடித் துளையாக நிற்கும், பார்க்க ஒட்டினது மாதிரி இருக்கும், வண்டியில் மாட்டி ஓட்டினால் பிளந்துவிடும். ஒரு உள்ளங்கை அகல விரிசலுக்கே இந்தப் பாடு. ஒரு காரின் பாடி முழுவதையும், அதுவும் ஒன்றுபோல இன்னொன்று என்று ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும் என்றால்?

வெப்பத்தையும் மின்சாரத்தையும் அலுமினியம் வேகமாகக் கடத்திவிடும் என்பதால் ஸ்பாட் வெல்டிங்குக்கு இரும்புத் தகட்டைவிட இரண்டு மூன்று மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். சாதாரணக் கார் ஓடுகிற லைனில் இதைச் செய்ய முடியாது. அதனால் டோச்சிகி மாகாணத்தில் தகானேசாவா என்ற இடத்தில் இந்த வண்டிக்கென்றே தனியாக ஒரு ஆலை கட்டினார்கள். ஏறக்குறைய 200 பேர், மற்ற ஆலைகளிலிருந்து பொறுக்கியெடுத்த அனுபவசாலிகள், ஒரு நாளைக்கு 25 வண்டி அளவில்தான் வேலை. அலுமினியத்திலும் எல்லா இடத்துக்கும் ஒரே ரகம் போடவில்லை. சுமை தாங்குகிற இடத்துக்கு ஒரு கலவை, வெளியே தெரிகிற தகட்டுக்கு ஒன்று, கதவுக்கு அடியில் ஓடும் பட்டைக்கு அச்சு வழியாகப் பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூஷன் என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அலுமினியம் எடையில் எஃகைப்போல மூன்றில் ஒரு பங்கு, சரி, ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். எஃகில் போட்ட அதே அளவுக்கு வெட்டி மாட்டினால் பாடி வளையும். அதனால் தகட்டைத் தடிப்பாக்க வேண்டும், பெட்டி வடிவத்தை அகலப்படுத்த வேண்டும், எங்கே எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும், எல்லாவற்றையும் கூட்டினால் சேமித்த எடை திரும்ப வந்துவிடவும் கூடாது. இவ்வளவு செய்தும் 1989-ல் சுசூகா டிராக்கில் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி இன்னும் விறைப்பாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் அப்போது ஹோண்டா என்ஜினில் ஃபார்முலா 1 ஜெயித்துக்கொண்டிருந்த ஆள். வண்டி கிட்டத்தட்டத் தயாராகிவிட்ட நேரம் அது. வேறு யாராக இருந்தாலும் "அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருப்பார்கள். இவர்கள் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் டிராக்குக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி, ஓட்டி, வெட்டி, ஒட்டி, விறைப்பை 50 சதவீதம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சென்னா சொன்னதால் கார் வேகமானது என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: பாடி வளையாமல் இருந்தால்தான் சஸ்பென்ஷன் புஷ், கதவுக் கீல், கண்ணாடி ரப்பர், வயரிங் எல்லாம் வருஷக்கணக்கில் நிலைக்கும். பழைய லாரியில் சேஸிஸ் முறுக்கிக்கொண்ட பிறகு கேபினில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் என்ஜின். மேனுவல் மாடலில் 8,000 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 8,000 சுற்று வரை போகும். பிஸ்டன் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நின்று திரும்ப வேண்டும், அப்படியென்றால் நிமிஷத்துக்கு 16,000 தடவை. ஸ்ட்ரோக் 78 மில்லிமீட்டர், அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகமே நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டுகிறது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி இழுவை வரும், சுற்று இரண்டு மடங்கானால் இந்த இழுவை நான்கு மடங்காகும். ராடு போனால் என்ன ஆகும் என்பதை டீசல் என்ஜின் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பிளாக்கின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்கும். உடைந்த ராடைக் கையில் எடுத்துப் பார்த்தால் முறிந்த இடத்தில் பாதி வழவழவென்று கோடு கோடாக இருக்கும், மீதி கரகரவென்று இருக்கும். வழவழப்பான பகுதி பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல், கரகரப்பானது கடைசி நாளில் ஒரே அடியில் முறிந்தது. எங்கேயோ ஒரு சின்னக் கீறலில் ஆரம்பித்திருக்கும்.

என்எஸ்எக்ஸில் இதற்கு டைட்டானியம் ராடு போட்டார்கள். சாலையில் ஓடும் காரில் டைட்டானியம் ராடு வந்தது அதுதான் முதல் தடவை. எஃகின் பலம், எடை நன்றாகக் குறைவு, அதனால் 8,000 சுற்றிலும் போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் விழுகிற பாரம் குறைகிறது. ஆனால் லேத்தில் டைட்டானியம் போட்டவர்களுக்குத் தெரியும், வெட்டுகிற சூடு சீவலோடு போகாது, டூல் முனையிலேயே நிற்கும், முனை மழுங்கி உலோகம் அதில் ஒட்டிக்கொள்ளும். ரேஸ் காருக்கு நான்கு ராடு செய்வது வேறு. 18,000-க்கும் மேல் வண்டி செய்தார்கள், வண்டிக்கு ஆறு ராடு. அதற்காக வெட்ட எளிதாக இருக்கும்படி உலோகக் கலவையையே தனியாகத் தயாரித்தார்கள்.

அடுத்தது விடெக், அதாவது மெதுவான ஓட்டத்துக்கு ஒரு கேம், வேகத்துக்கு ஒரு கேம் என்று வால்வு திறக்கும் அளவை மாற்றிக்கொள்கிற ஹோண்டாவின் அமைப்பு. அதை நம் ஊரிலேயே பார்க்கலாம். 2000 வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இன்னும் மதுரையில் அங்கங்கே ஓடுகிறது. அதன் ஹெட்டைத் திறந்தால் இன்டேக் பக்கம் சிலிண்டருக்கு மூன்று ராக்கர் ஆர்ம் இருக்கும். ஓரத்து இரண்டும் வால்வை அழுத்தும், நடுவில் இருப்பது உயரமான கேம் மேல் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். சுற்று ஏறியதும் ஆயில் பிரஷர் ஒரு சின்னப் பின்னைத் தள்ளும், மூன்றும் பூட்டிக்கொண்டு நடு கேம் சொல்கிறபடி ஆடும். ஒழுங்காக ஆயில் மாற்றிய என்ஜினாக இருந்தால், லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஹெட்டிலும் அந்தப் பின்னை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் ஸ்பிரிங்கில் திரும்பி வரும், ஒரு கீறல் இருக்காது. என்எஸ்எக்ஸில் இதே வேலை இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு பக்கமும், 5,800 ஆர்பிஎம்மில் நடக்கும். நம்பகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கோரிப்பாளையம் மாதிரி ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த என்ஜின் சாதாரண கார் என்ஜினாக நடந்துகொள்ளும். ரேஸ் கேம் போட்ட என்ஜின் மெதுவான ஓட்டத்தில் துடிக்கும், பிளக் கரி பிடிக்கும், முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த மூன்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வண்டியை விற்ற பிறகு அதில் கை வைக்கப்போகிற மெக்கானிக்கை வரைபடம் போடும்போதே நினைத்திருக்கிறார்கள். ஃபெராரி 348, எஃப்355 இரண்டிலும், கிராங்கையும் கேமையும் சேர்த்துச் சுற்றவைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையே கீழே இறக்க வேண்டும். அதுவும் சில வருஷத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடியதோ ஓடவில்லையோ. என்ஜினை இறக்கினால் எத்தனை ஹோஸ், எத்தனை கனெக்டர், எத்தனை மவுண்ட் கழற்றி மாட்ட வேண்டும், அதில் ஏதாவது ஒன்று சரியாக உட்காராவிட்டால் அடுத்த மாதம் அதற்காக வண்டி திரும்ப வரும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்டால் பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் போய்விடும். "எக்சாடிக் கார் எப்போதும் பட்டறையில்" என்ற பேச்சில் பெரும்பங்கு இதிலிருந்து வந்தது. என்எஸ்எக்ஸிலும் பெல்ட்தான், ஆனால் என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க மாற்றிவிடலாம். ஃபெராரியும் பிறகு இதைச் சரிசெய்தது. 1999-ல் வந்த 360 மாடனாவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொடலாம், 2004-ல் வந்த எஃப்430-ல் பெல்ட்டை எடுத்துவிட்டுச் செயினே போட்டுவிட்டார்கள். அதனால் இன்றைய வண்டிகளைப் பழைய பேச்சை வைத்து எடைபோட வேண்டாம். பெரிய கம்பெனியின் என்ஜினை அப்படியே வாங்கிப் போட்டு நம்பகத்தைச் சம்பாதித்தவர்களும் இருக்கிறார்கள், லோட்டஸ் எலீஸின் பிந்தைய மாடல்கள், இவோரா இரண்டிலும் டொயோட்டா என்ஜின்.

மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மரே, தன் வண்டிக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது என்எஸ்எக்ஸைத்தான். ஓட்டிப் பார்த்த பிறகு மற்ற அளவுகோல்கள் எல்லாம் மனதிலிருந்து போய்விட்டன என்ற அர்த்தத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஒன்றை வாங்கி ஏழு வருஷம் சொந்தமாக ஓட்டியும் இருக்கிறார்.

குறையே இல்லாத வண்டியா என்றால், இல்லை. ஏசி கன்ட்ரோல் போர்டில் கெப்பாசிட்டர் கசிவது பழைய வண்டிகளில் சகஜம், அது எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் உட்கார்ந்து சால்டர் அடித்தால் முடிகிற வேலை. பெரியது கியர்பாக்ஸ். ஆரம்பகால ஐந்து கியர் வண்டிகளில் ஒரு பகுதிக்கு மட்டும், ஷாஃப்ட் பேரிங்கை இடத்தில் பிடித்து வைக்கும் சர்க்ளிப் என்ற வளையத்துக்காகக் கேஸில் வெட்டிய காடி, அதாவது பள்ளம், அளவு தவறிவிட்டது. சர்க்ளிப் அசைய இடம் கிடைத்துவிட்டது. அசைந்து அசைந்து ஒருநாள் முறியும், துண்டு கியருக்குள் போகும், ஷாஃப்ட் நகர்ந்து பெட்டியே வீணாகும். டைட்டானியம் ராடு தாங்குகிறது, அலுமினியம் பாடி தாங்குகிறது, ஒரு காடியின் அகலம் தப்பியதில் வண்டி நின்றுவிடுகிறது. எங்கள் வேலையில் தினமும் மைக்ரோமீட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, ஒரே அளவை இரண்டு தடவை எடுப்பது இதற்காகத்தான். அந்தக் கேஸ்களின் வரிசை எண் எதிலிருந்து எதுவரை என்பது இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், பழைய என்எஸ்எக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கியர்பாக்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசவே ஆரம்பிக்கிறார்கள்.