கைத்துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் வெடிக்குமா?

இன்றைய தரமான பிஸ்டல்களில் பெரும்பாலும் வெடிக்காது. விசையை அழுத்தினால் ஒழிய, தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசி முன்னே நகராதபடி உள்ளே ஒரு தடுப்பு இருக்கும். பழைய ரிவால்வர்கள் சிலவற்றில் இது கிடையாது. தோட்டாவை அடிக்கும் பாகமான சுத்தியல் நேராகத் தோட்டாமேல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தோட்டா வைக்கும் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவார்கள்.

ஆனால் "நவீனம்" என்றாலே உத்தரவாதம் என்று நான் சொல்லமாட்டேன். சிக் சாவர் பி320 சோதனைகளில் தேறிய துப்பாக்கிதான். அப்படியும் குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் மோதினால் சுட்டுவிடுகிறது என்று தெரியவந்து, 2017இல் நிறுவனம் விசை உள்ளிட்ட பாகங்களை எடை குறைந்தவையாக மாற்றிக்கொடுத்தது.

அப்புறம் ஒன்று: விழும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்காதீர்கள். விரல் விசையில் பட்டால் எந்தத் தடுப்பும் உதவாது.