கேரவனில் இரண்டு ஏசி, கிடைப்பது ஒரே ஒரு 16 ஆம்ப் பிளக்: இரவு முழுக்க ஓட்டலாமா?

சொந்தக்காரர் வீட்டு வாசலில் கேரவனை நிறுத்தி, அந்த வீட்டின் 16 ஆம்ப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, வண்டியிலுள்ள இரண்டு 1 டன் ஏசியையும் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் மச்சினனும் தண்டையார்பேட்டையில் ஒரு கேரவன் வைத்து வாடகைக்கு விடுகிறோம். கணக்குப்படி ஓட்டலாம். ஆனால் கணக்கை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள்.

முதலில் கணக்கு. 230 வோல்ட், 16 ஆம்ப் என்றால் 3680 வாட். மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும் லோடு என்பதால் 2900 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1 டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்பக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1000 முதல் 1200 வாட் எடுக்கும், வண்டி குளிர்ந்த பிறகு நன்றாகவே குறையும். இரண்டுக்கும் சேர்த்து 2400 என்று வைத்தாலும் லைட், ஃபேன், போன் சார்ஜருக்கு இடமிருக்கிறது. நடுவில் யாராவது 1500 வாட் கெட்டிலைப் போட்டால் போச்சு, அளவு மீறிவிடும், எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழலாம். அமெரிக்க வீடியோக்களில் 30 ஆம்ப் என்று சொல்வதைக் கேட்டு நம்முடையது பாதிதான் என்று நினைக்க வேண்டாம். அங்கே அது 120 வோல்ட், அதாவது 3600 வாட். நம் 16 ஆம்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அப்புறம் ஏன் பிரச்சினை வருகிறது? ஒயரில்தான். ஒரு மே மாத இரவு காசிமேட்டில் எங்கள் உறவினர் வீட்டெதிரில் வண்டியை நிறுத்தியிருந்தோம். அப்போது எங்களிடம் இருந்தது இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசி. 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர், 1 ஸ்கொயர்தான் (கம்பியின் தடிமன் 1 சதுர மில்லிமீட்டர்). பாதியைப் பிரித்து, மீதியை ஒயர் சுற்றி வைக்கும் சக்கரத்திலேயே விட்டிருந்தோம். பதினொரு மணிக்கு மேல் கம்ப்ரசர் கிளம்பாமல் 'ம்ம்ம்' என்று முனகி நின்றது. வீட்டுக்குள் டியூப்லைட் மங்கி மங்கி எரிந்தது. சக்கரத்தைத் தொட்டால் சுடுகிறது. உள்சுற்று ஒயர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தோல் உருகிய நாற்றம். உள்ளே மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நடுங்குகிறது.

30 மீட்டர் ஒயரில் கரண்ட் போய் வருவது 60 மீட்டர். 1 ஸ்கொயர் செம்பு ஒயர் என்றால் அதற்கு ஏறக்குறைய 1.1 ஓம். 10 ஆம்ப் ஓடினால் 11 வோல்ட் வழியிலேயே காலி. பழைய வகை கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 30 ஆம்ப் என்று வைத்தால் 33 வோல்ட் போய்விடும். கோடை இரவில் வீட்டுக்கு வருவதே 200 வோல்ட் என்றால் வண்டிக்கு 167தான் வரும். கம்ப்ரசர் எப்படிச் சுற்றும்? ஒயரைச் சுருட்டி வைத்தால் சூடும் வெளியேற வழியில்லை.

இப்போது 2.5 ஸ்கொயர் மூன்று கோர் செம்பு ஒயர் வைத்திருக்கிறோம், முழுக்கப் பிரித்துத்தான் போடுவோம். ஏசி இரண்டையும் இன்வெர்ட்டராக மாற்றிவிட்டோம். ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத்தான் மற்றது. உங்கள் ஏசியில் திறனைப் பாதியாகக் குறைக்கும் வசதி இருந்தால் இரவில் அதையே வையுங்கள். பழைய வகை ஏசி என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியின் முன்கண்ணாடி மேற்கு பார்க்காதபடி நிறுத்தி உள்ளே தெர்மல் ஷீட் மாட்டினால் ஏசிக்குப் பாதி வேலை மிச்சம்.

கடற்கரையோர வீடுகளில் பிளக் பாயிண்டையும் பாருங்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் பித்தளைப் பின் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அந்த இடத்தில் தொடுப்பு சரியாக இல்லாமல் சூடேறும். ஏசி போட்டு அரை மணி கழித்து பிளக் டாப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த பாயிண்ட் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் எர்த். வண்டி நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது லீக் ஆனால் கரண்ட் தரைக்குப் போக வழியில்லாமல் பாடியிலேயே நிற்கும், வெறுங்காலோடு படியேறும் குழந்தை மேல் பாயும். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வண்டியில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனால் உடனே அணைக்கும் சுவிட்ச்) கட்டாயம் போடுங்கள். எங்கள் வண்டி புது இடத்துக்குப் போனால் மச்சினன்தான் முதலில் மீட்டரோடு இறங்குவான். "எர்த் இருக்கு மாமா" என்று அவன் குரல் கொடுத்த பிறகுதான் நான் ஒயரைப் பிரிப்பேன்.