கேள்வி பதில்: கூலன்ட் டேங்கில் விரிசல்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் பிளாஸ்டிக் கூலன்ட் டேங்கில், அடியிலுள்ள குழாய் முனையை ஒட்டி விரிசல் விட்டிருக்கிறது. இருமுறை சூப்பர் குளூ போட்டும் இரண்டே நாளில் உரிந்துவிட்டது. புது டேங்க் வரும்வரை சமாளிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் பசையால் அல்ல. இவ்வகை டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்புரொப்பிலீனால் ஆனவை. மெழுகு தடவியது போன்ற அவற்றின் மேற்பரப்பில் சூப்பர் குளூவும் எபாக்சியும் சரியாகப் பற்றாமல், மேலே படிந்து காய்ந்து, டேங்க் சூடாகி விரியும்போது செதிலாகப் பெயர்ந்துவிடும்.

முதலில் அழுத்த மூடி, அதாவது சூடான கூலன்டின் அழுத்தத்தை அடக்கிவைக்கும் மூடி, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ரேடியேட்டரில் இருந்தால், உங்கள் டேங்க் வழிந்து வரும் கூலன்டைத் தாங்கி, எஞ்சின் ஆறியதும் திருப்பித் தரும் அழுத்தமற்ற பாத்திரம் மட்டுமே, ஒட்டுவேலை தாங்கும். டேங்கிலேயே அழுத்த மூடி இருந்தால் கை வைக்க வேண்டாம்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் டேங்கைக் கழற்றி, கழுவி, உள்ளும் புறமும் ஈரமின்றி உலர்த்துங்கள். துளி ஈரம் இருந்தாலும் உருகும் பிளாஸ்டிக்கில் கொப்புளம் விழும். விரிசல் மேலும் ஓடாதிருக்க அதன் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டு, விரிசல் நெடுக மேலோட்டமாகப் பள்ளம் கீறிக்கொள்ளுங்கள். பிறகு சால்டரிங் அயர்ன் முனையால் இரு ஓரங்களையும் சுவரின் பாதி கனம்வரை இளக்கி, அதே வகைப் பிளாஸ்டிக் கீற்றை அதில் உருக்கி நிரப்புங்கள். டேங்கின் அடியில் பிபி (PP, பாலிப்புரொப்பிலீன்) அல்லது பிஇ (PE, பாலிஎத்திலீன்) என்ற குறி இருந்தால் வகை தெரிந்துவிடும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. பிளாஸ்டிக் புகைந்தால் சூடு அதிகம் என்று பொருள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

நீர் நிரப்பி ஓர் இரவு காகிதத்தின்மேல் வைத்து, ஈரத்தடம் இல்லையென்றால் மாட்டுங்கள். குழாய் முனையில் அதிர்வும் இழுப்பும் அதிகம் என்பதால், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பை அங்கே இழுத்துச் சுற்றுவது கூடுதல் காப்பு; தட்டையான பக்கத்தில் அது பயன்படாது.

உருக்கும் வசதி இல்லையென்றால், ரேடியேட்டரிலிருந்து வரும் குழாயைக் கூலன்ட் ஊற்றிய கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலின் அடிவரை விட்டு, மூடியில் காற்றுத்துளை இட்டு, சூடான பாகங்களுக்கு எட்டாமல் கட்டிவிடுங்கள். குழாய் நுனி எப்போதும் கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். இல்லையேல் ஆறும் ரேடியேட்டர் காற்றை உறிஞ்சிவிடும். எதைச் செய்தாலும் தினமும் மட்டம் பாருங்கள். ஒழுகும் கூலன்ட் பின்சக்கரத்தில் பட்டால் வண்டி வழுக்கும்.